உவரிக்கரையில் கவிழ்ந்த ஒன்றரை லட்சம் படகுகள்

நாங்கள் செய்த வீடியோ கேம் வெளியாகி மூன்று மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதை வாங்கியிருந்தார்கள். அதில் பாதிக்குமேல் அபிஷாவின் சொந்தக்காரர்கள். அவள் அப்பா லியோன் வாங்கியிருந்தார். அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. அவர் படகில் போகிற நான்கு பேரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல எழுதிவிட்டு மறுநாள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

என் பெயர் கணேஷ்ராம். சென்னையில் ஆறு வருடம் மற்றவர்களுக்காக கோட் எழுதி அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பினவன். அபிஷா கல்லூரியில் என்னோடு படித்தவள். உவரி என்கிற கடற்கரை ஊர்க்காரி. அவள் வரைவாள், நான் அதை ஓட வைப்பேன். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு மேசை, மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

விளையாட்டின் பெயர் 'உவரிக்கரை'. கரையிலிருந்து சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு அலையைத் தாண்டிக் கடலுக்குள் போக வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். சுடுவது, குத்துவது ஒன்றும் கிடையாது. கடைசிப் பத்து நிமிடம் விடியற்காலையில் கரை திரும்புவது. தூரத்தில் முதலில் பனைகள் தெரியும், பிறகு கோயில் கோபுரம், பிறகு கரையில் நிற்கிற ஆட்கள் ஒவ்வொருவராக. அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் அபிஷா எட்டு மாதம் வரைந்தாள். எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று எங்களுக்கு ஒரு கணக்கு வரும். மூன்று மாதத்தில் பத்தொன்பது பேர். பத்தொன்பதும் உவரிக்காரர்கள். ஒருவர் குவைத்தில் இருக்கிறார், ஆனாலும் உவரிக்காரர்தானே.

"எங்க ஊர்க்காரன் இல்லாத ஒரே ஒரு ஆளு அந்தக் கரையப் பாத்துட்டாப் போதும் கணேசு. அதுக்கப்புறம் இத மூடிட்டு வேற சோலி பாப்போம்" என்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் ஒரு சந்தா நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் ஐந்நூறு விளையாட்டுகளை இஷ்டத்துக்கு விளையாடலாம். அந்த ஐந்நூறில் எங்களுடையதையும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்கிறார்களாம். தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகும் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வார்களாம்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினவன், பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காக ரெண்டு நாள் உட்கார்ந்து பார்ப்பான். சந்தாக்காரன் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு சேனல் மாற்றுகிறவன். நிமிடத்துக்கு ஒன்று. எங்கள் விளையாட்டிலோ முதல் ஐந்து நிமிடம் கரையில் நின்று அலை பார்ப்பதிலேயே போய்விடும். அபிஷாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"ஐந்நூறு பதார்த்தம் வச்ச பந்தியில நம்மள ஊறுகாய்க்குப் பக்கத்துல வைப்பான். தொட்டு நக்கிட்டு எந்திரிச்சிப் போயிருவான்."

"இப்பம் மட்டும் என்ன, வரிசையிலயா நிக்கான்? தொட்டாவது பாக்கட்டும்ல" என்றாள் அபிஷா.

கையெழுத்துப் போட்டோம்.

நிறுவனத்தின் சார்பாக எங்களிடம் பேசியவர் ரிச்சர்ட். சென்னைக்காரர், பெங்களூரில் இருக்கிறார். நல்ல மனிதர். பன்னிரண்டு மொழிகளில் திரையின் அடியில் எழுத்து ஓட வேண்டும், அதை வெளியே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் செய்துவிடுகிறோம் என்றார். பேச்சு ரொம்பக் கிடையாது. விளையாட்டில் பேசுவது ஒரே ஒரு ஆள்தான்: கரையில் நின்று படகுக்கு வழி சொல்கிற ஒரு பெண். அந்தக் குரல் அபிஷாவின் அம்மா தெரசாவுடையது. உவரிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு படகுக்குக் கேட்கும். ஒலிப்பதிவை அனுப்பிவைத்தோம். எழுத்து திரும்பி வந்ததும் நேராக உள்ளே சேர்த்துவிட்டேன். வாசித்துப் பார்த்தாயா என்று அபிஷா கேட்டாள். பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி சந்தாவில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் திறந்திருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து அபிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுத்த எண்ணைப் பார்த்தேன். கரை சேர்ந்தவர்கள்: பூஜ்யம். சரி, முதல் நாள். மறுநாள் எழுபதாயிரம். கரை சேர்ந்தவர்கள்: பூஜ்யம். கரை சேருவது கிடக்கட்டும், ஒருவன்கூட அலையைத் தாண்டிக் கடலுக்குள் போகவில்லை. அத்தனை படகும் முதல் அலையிலேயே கவிழ்ந்திருந்தது. அதற்குப் பிறகு பாதிப் பேர் ஓட்டம்.

"நான் சொன்னேன்ல" என்றேன். அந்தச் சொல்லில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அபிஷா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு திசையன்விளை பஸ்ஸில் தெரசா வந்து இறங்கினார். ஒரு தூக்குவாளியில் நெத்திலி அவியல், ஒரு பையில் முறுக்கு. மகள் போனில் அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாடி ஏறி வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு எங்கன கவுந்தான்? காட்டு, பாப்போம்."

விளையாடுகிறவர்கள் தாங்கள் விளையாடுவதைப் படம் பிடித்துப் போடுவது வழக்கம். ஒரு பிரேசில் பையனின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். திரையில் உவரிக் கடல். பெரிய அலை வருகிறது. தெரசாவின் குரல் ஒலிக்கிறது: "பைய… பைய… பைய போலே!" அதைக் கேட்டதும் அந்தப் பையன் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறான். படகு பாய்கிறது, அலை தூக்குகிறது, குப்புற விழுகிறது. அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"நான் பைய போ, பைய போன்னு தொண்ட கிழியக் கத்துதேன். இவன் என்னத்துக்குலே பாஞ்சு ஓடுதான்? காது கேக்காதா?" தெரசாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

இன்னொரு வீடியோ போட்டேன். அது போலந்துக்காரன். அவனும் அப்படியே. மூன்றாவதில்தான் நான் திரையின் அடியில் ஓடிய எழுத்தைப் படித்தேன். 'பையா! பையா! போடா பையா!' என்று பையனை விரட்டுகிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலை அடங்கியதும் படகைச் செலுத்தச் சொல்லி தெரசா "இப்பம் விடு!" என்பார். அதற்கு 'இத்தோடு விட்டுவிடு' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மரியாதையாக விளையாட்டை மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

'பைய' என்றால் மெதுவாக. இது தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் இரண்டு பேராவது ஊரைத் தாண்டாதவர்கள். நான் சென்னைக்குப் போன புதிதில் ஒரு ஆட்டோக்காரரிடம் "பைய போங்க அண்ணாச்சி" என்று சொல்ல, "யாரப் பாத்து பையன்ற?" என்று அவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சண்டைக்கு வந்தார். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கே தோன்றவில்லை என்றால் மொழிபெயர்த்தவரை என்ன சொல்ல?

"நீ வாசிச்சுப் பாத்தேன்னு சொன்னல்ல" என்றாள் அபிஷா.

"பாக்கல."

அவள் கையில் கிடைத்த முறுக்கை என்மேல் எறிந்தாள். தெரசா அதைப் பொறுக்கி, ஊதி, என்னிடமே தின்னக் கொடுத்தார்.

எழுத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. அதை ஆரம்பிக்கும்போதே ரிச்சர்டின் அழைப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பதறிவிட்டார்.

"சார், ப்ளீஸ், எதையும் தொடாதீங்க. உங்களுக்குத் தெரியல, அது இப்போ உலகம் பூரா ஓடுது. 'போடா பையா'ன்னு எல்லாரும் கவுந்து கவுந்து வீடியோ போடறாங்க. மொத்த ஐநூறுல உங்களோடதுதான் மூணாவது இடம். சந்தால இருக்கறதாலதான் சார் இது நடக்குது. காசு கொடுத்து வாங்கணும்னா ஒரு தமாஷுக்காக யார் வாங்குவாங்க? இப்போ சும்மா ஒரு தடவை திறக்கறான், கவுக்கறான், சிரிக்கறான், ஃப்ரெண்டுக்கு அனுப்பறான். இப்படியே போனா ஒரு வருஷம் வச்சுக்குவாங்க. மாத்திட்டீங்கன்னா என்னால உறுதி சொல்ல முடியாது."

மூன்றாவது இடம் என்றதும் எனக்குள் ஏதோ இளகிப் போனது. அன்று மத்தியானமே சென்னையில் என் பழைய மேலதிகாரிக்குப் போன் பண்ணினேன். நலம் விசாரித்தேன். பேச்சோடு பேச்சாக மூன்றாவது இடம் என்று சொன்னேன். ஐந்நூறில் மூன்று என்று இன்னொரு தடவையும் சொன்னேன். சந்தாவைத் திட்டின வாய் இது.

வார முடிவில் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. ஒன்றரை லட்சம் படகு. அத்தனையும் கரையோடு கவிழ்ந்து கிடந்தது. கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு ஆள் பார்க்கவில்லை.

"மாத்திரு கணேசு" என்றாள் அபிஷா.

"ஒரு வருசம் வச்சுக்கிடுவாங்களாம்ட்டி. யோசிச்சுப் பாரு. கூட்டம் வருது. கூட்டத்துல நாலு பேரு…"

"கூட்டம் எதுக்கு வருது? கவுக்கதுக்கு வருது. எங்க ஊர்ல படகு கவுந்தா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க தெரியுமா? சமையல விட்டுட்டு ஓடி வருவாங்க." "மூணு வருசமா நான் வரஞ்சது ஆள முக்கிச் சிரிக்கதுக்கு இல்ல. பத்து பேரு போதும். ஆனா அந்தப் பத்து பேரும் கர சேரணும்."

நான் மூன்றாவது இடத்தை நினைத்துப் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த மொழிபெயர்ப்பை வாசிக்காமல் விட்டது நான் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். வேறு வழியில்லை, எனக்கும் மனசு அவள் பக்கமே சாய்ந்தது.

என்ன போடுவது என்பதில்தான் இழுபறி. பேச்சையே மாற்றி, 'மெதுவா' என்று புதிதாகப் பேசிப் பதிவு செய்யலாமா என்று தெரசாவிடம் போனில் கேட்டேன்.

"கரையில நின்னு 'மெதுவா'ன்னு சொன்னா எவன் கேப்பான் தம்பி? ஜவுளிக்கடையில சேல விரிக்க மாதிரி இருக்கும். அதெல்லாம் நம்மால ஆவாது" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் அபிஷாதான் ஒரு முடிவுக்கு வந்தாள். 'பைய' என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம். பன்னிரண்டு மொழியிலும் அவரவர் எழுத்தில் அந்த ஓசையை மட்டும் போடுவது. 'இப்பம் விடு' என்பதற்கு மட்டும் 'இப்போது போ' என்று போடுவது. அர்த்தம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரெண்டு தடவை கவிழ்ந்தால் தானே தெரிந்துவிடும் என்றாள்.

மாற்றினோம். ரிச்சர்ட் சொன்னதில் ஒரு சொல் பொய்க்கவில்லை. சிரிக்க வந்தவர்கள் நான்கே நாளில் கலைந்துவிட்டார்கள். மூன்றாவது இடம் எண்பத்தேழாவது இடமாயிற்று, பிறகு நூற்று நாற்பது. நான் என் பழைய மேலதிகாரிக்குப் போன் பண்ணவில்லை. ஆனால் ஜூன் பதினொன்றாம் தேதி காலையில் நான் மாடி ஏறும்போதே அபிஷா மேலிருந்து கத்தினாள். உவரியில் பிறக்காத ஒருவர் கரை சேர்ந்திருந்தார். கனடாவிலிருந்து. அன்று சாயங்காலம் அது ஏழு ஆயிற்று. மறுநாள் முப்பது. புதிதாக வந்தவர்களுக்குப் பழகினவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீடியோவில் ஒரு கொரியாக்காரர் தன் மகளிடம் "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டு பட்டனைத் தொட்டும் தொடாமலும் அழுத்த வைக்கிறார். அந்தச் சொல்லை அவர் நம்மூர்க்காரரைப்போலவே இழுத்துச் சொன்னார். நாங்கள் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம் என்று கணக்கில்லை. நான் அவ்வளவு திருப்தியாக இருந்து நாளாயிற்று. சென்னையில் ஆறு வருடம் எழுதியதில் ஒரு வரிக்காவது யாரும் இப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மாதக் கடைசியில் கரை சேர்ந்தவர்கள் நாலாயிரத்து முந்நூறு பேர். நிறுவனத்துக்கு அது போதவில்லை. முப்பதாம் தேதியோடு எடுத்துவிடுகிறோம் என்று ரிச்சர்ட் ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். பரவாயில்லை அண்ணாச்சி, நாங்கள் நினைத்து வந்த காரியம் முடிந்தது என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

ஜூலை முதல் தேதி காலையில் பழக்க தோஷத்தில் கணக்கைத் திறந்தேன். ஒன்றும் இருக்காது என்றுதான் திறந்தேன். முந்தின நாளிலிருந்து தொள்ளாயிரம் பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு தடவை பார்த்தேன். கோளாறு இல்லை. வாங்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே கரை சேர்ந்தவர்கள். விளையாடி முடித்துவிட்டார்கள், இனிப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சந்தாவிலிருந்து போகப்போகிறது என்றதும் விட மனசில்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள். சந்தாக்காரன் சேனல் மாற்றுகிறவன் என்று நான் சொன்னதை அபிஷா எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவள் நல்லவள்.

ஒரே ஒரு பெயர் மட்டும் கணக்கில் இடித்தது. பொலிவியாவில் இருக்கிற ஒரு பெண். ஐம்பது மணி நேரம் விளையாடியிருக்கிறாள், வாங்கியும் இருக்கிறாள், கரை மட்டும் சேரவில்லை. எங்கேயாவது படகு சிக்கிக்கொள்கிறதா, நான் கோட்டில் ஏதும் தப்பு செய்துவிட்டேனா என்று பயந்து எழுதிக் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. அபிஷா அதை வாசிக்க நான் கேட்டேன்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய நாட்டுக்குக் கடல் கிடையாது. வேலை முடிந்து வந்து தினமும் கோபுரம் தெரிகிற இடம் வரைக்கும் படகைக் கொண்டுவருவாளாம். கரையில் ஆட்கள் நிற்பது தெரியுமாம். அங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். கரை ஏறிவிட்டால் முடிந்துவிடுமே, அதனால் ஏறவில்லை என்று எழுதியிருந்தாள். இப்படிச் செய்வது தப்பு ஒன்றும் இல்லையே? கரையில் நின்று வழி சொல்கிற அம்மா காத்துக்கொண்டு நிற்கிறார்களே என்றுதான் கஷ்டமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள்.

அபிஷா உடனே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் கரைச் சத்தம் கேட்டது. தெரசா அந்தச் சத்தத்தைவிட்டு ஒதுங்கி வந்து கேட்டார்.

"அப்பம் அந்தப் பிள்ள இன்னும் கடல்லயா கெடக்கு?"

"ஆமாம்மா."

"மூணு வாரமாவா?"

"ஆமா."

"தனியாவா? சாப்பிட்டுச்சா, என்னன்னு ஒரு வார்த்த கேட்டியாட்டி? வேலைக்குப் போயிட்டு வார பிள்ள." எங்களுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன். அந்த மைக்க எடுத்து வை."

மறுநாள் வந்தார். அதே மூன்றாவது நாற்காலியை மைக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று அபிஷா எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அவசரமில்ல மக்கா. உனக்கு எப்பம் தோணுதோ அப்பம் வா. நான் இங்கனதான் நிக்கேன்."

நன்றாக வந்திருந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"அந்த ஊரு எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டார் தெரசா.

"பூமிக்கு அந்தப் பக்கம்மா."

"அப்பம் இந்தச் சத்தம் காணாது" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். முதலிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார். கீழே கண்ணாடிக் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று பதறிப்போய் மாடி ஏறி வந்துவிட்டார்.